கச்சான் காற்றும் கருவேல முள்ளும்: ராமநாதபுரத்தில் ஒரு சைக்கிள் தளத்துக்கு இடம் பார்த்த நிகழ்வு ஆய்வு

முதல் கூட்டத்திலேயே சைக்கிள் தளத்துக்கான இடம் முடிவாகிவிட்டது: தனுஷ்கோடி. ஒருவர் பெயரைச் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், அதற்குள் டீ வந்துவிட்டது. தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மாவட்டம் முழுக்க அதே பேச்சு. கடலைத் தவிர வேறெதையும் யாரும் யோசிக்கும் மனநிலையில் இல்லை.

ஐந்து மாதம் கழித்து நாங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையில் தனுஷ்கோடி இல்லை. கடலே இல்லை. "ராமநாதபுரத்தில் போய் கடல் தெரியாத இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களே" என்று கேட்காத ஆளில்லை. அந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஓர் உடற்கல்வி ஆசிரியர், பணி ஓய்வு பெற்ற நில அளவர், சைக்கிள் கடைக்காரர், பந்தயங்களுக்குப் போய்வரும் கல்லூரி மாணவர், சாலைப் பணிகளில் மேற்பார்வையாளராக இருந்த நான். நன்கொடை தர ஒருவர் முன்வந்திருந்தார். இடத்தைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது அவருடைய நிபந்தனை.

எதற்கு இடம்?

இரண்டாவது கூட்டத்தில்தான் தெரிந்தது, ஐந்து பேர் மனதிலும் ஐந்து வேறு பொருள்கள் இருந்தன. மாணவர் வெலோட்ரோமை, அதாவது வளைவுகள் சாய்வாக எழும்பிய சைக்கிள் பந்தயத் தளத்தை நினைத்திருந்தார். ஆசிரியர் நினைத்தது சாலையோரத்தில் கல் பதித்துப் பிரித்த சைக்கிள் பாதையை. கடைக்காரர் மனதில் இருந்தது குழந்தைகள் பயமின்றிச் சுற்றி வரக்கூடிய மூடிய வட்டத்தளம். நில அளவர் எதையும் நினைக்கவில்லை. "எத்தனை ஏக்கர் என்று சொல்லுங்கள்" என்றார்.

வெலோட்ரோம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசை அங்கேதான் அதிகம். ஒலிம்பிக், உலகப் போட்டிகளுக்கு 250 மீட்டர் சுற்று. வெளியில் காங்கிரீட்டில் கட்டுவதில் 333.33 மீட்டர் பரவலான அளவு. மூன்று சுற்று ஓடினால் ஒரு கிலோமீட்டர். 250 மீட்டர் தளத்தின் வளைவுகள் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். ஓட்டு வீட்டுக் கூரையைவிடச் செங்குத்து. அந்தச் சாய்வில் மெதுவாகப் போனால் டயர் வழுக்கிக் கீழே வந்துவிடும்; வேகம்தான் ஆளைச் சுவரில் ஒட்டவைக்கிறது. அதாவது, புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளை அதில் ஏறவே முடியாது. தமிழ்நாட்டின் வெலோட்ரோம் சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் இருக்கிறது, இங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். நம் பக்கத்தில் ஒன்று வேண்டும் என்ற மாணவரின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

அவர் போர்ட் பிளேயரைக் காட்டினார். 2004 சுனாமியில் உயிர் பிழைத்த டெபோரா ஹெரால்டும், 2018-இல் ஸ்விட்சர்லாந்தின் ஐகிளில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் கெய்ரின் என்ற வெலோட்ரோம் பந்தயப் பிரிவில் வெள்ளி வென்ற எசோ ஆல்பனும் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து வந்தவர்கள். உப்புக்காற்று அடிக்கும் தீவால் முடிந்தது நம்மால் முடியாதா என்றார். ஆசிரியர் பதில் கேள்வி ஒன்று கேட்டார்: "அவர்கள் முதன்முதலில் ஏறியது எந்த சைக்கிளில், தம்பி?" மாணவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் எங்கள் ஆய்வின் திசையைத் திருப்பியது. பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிள் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நிற்கிறது. கியர் இல்லாத, கனமான, முன்னால் கூடை வைத்த சைக்கிள். தளம் அந்தச் சைக்கிளுக்குப் பொருந்த வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். (பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியதே, அதற்கு எந்தத் தளமும் இருக்கவில்லை என்று கடைக்காரர் நினைவூட்டினார். அதுவும் உண்மைதான்.)

தனுஷ்கோடி

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை, 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் வேன் உறுமிக்கொண்டு போன பாதை. காலை ஐந்தரைக்கு அங்கே சைக்கிள் ஓட்டுவதைப் போன்ற இன்பம் எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் வேறு இல்லை. இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல். ஒன்று குளம் போலக் கிடக்கும், மற்றது இரைந்துகொண்டே இருக்கும்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் அங்கே போனோம். காற்றை அளக்கக் கருவி எதுவும் இல்லை. பழைய வேட்டியிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் கிழித்த துணியை ஒவ்வொருவரும் ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டோம். புறப்பட்டதும் துணி இடப்பக்கம் திரும்பி விறைத்து நின்றது, திரும்பி வரும்வரை தளரவில்லை. அந்த நிலத்துண்டு தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே போகும்போதும் வரும்போதும் பக்கக்காற்று. எதிர்காற்று களைப்பைத்தான் தரும், பக்கக்காற்றோ ஆளைச் சாய்க்கும். காற்றை எதிர்த்துச் சாய்ந்தபடி ஓட்டிப் பழகியவனும், சுற்றுலா பஸ் ஒன்று பக்கத்தில் கடக்கும் நொடியில் காற்று மறைபட்டு, பஸ்ஸை நோக்கி இழுக்கப்படுகிறான். பஸ் கடந்ததும் மறுபக்கம் தள்ளப்படுகிறான். மாணவர் இதில் இரண்டு முறை தடுமாறினார், அவர் பந்தயம் ஓட்டுபவர்.

அடுத்தது மணல். சாலையின் தென்பக்க ஓரத்தில் விரலால் வழித்தால் நகக்கண் நிறைய வருகிறது. நேர் ஓட்டத்தில் அது தொந்தரவில்லை. வளைவில் பிரேக் பிடித்தால் தெரியும். தினமும் பெருக்கலாம்தான், ஆனால் ஆடி முடியும்வரை காற்று பெருக்குபவனைவிடச் சுறுசுறுப்பாக இருக்கும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் செயினில் மஞ்சள்தூள் தூவியதுபோல் துரு. ஒரே இரவில். எண்ணெய் விட்டுத் துடைத்தால் போகும் துருதான். விலையில்லா சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளை தினமும் எண்ணெய் விடுமா என்பதுதான் கேள்வி.

இவ்வளவும் இருந்தும் "மரம் நட்டுக் காற்றைத் தடுக்கலாம்" என்று ஒரு தரப்பு விடாமல் நின்றது. சட்டம் அந்த வாதத்தை முடித்துவைத்தது. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல் மேடுகளும் ஆமை முட்டையிடும் கரைகளும் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பிரிவில் வருகின்றன. போதாததற்கு, நாங்கள் இடம் பார்த்துக்கொண்டிருந்த அதே பருவத்தில், 2025 ஜூன் 5 அன்று, தனுஷ்கோடியில் சுமார் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது தமிழ்நாடு அரசு. அதை எங்களில் ஒருவர் கெட்ட செய்தியாகச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூநாரை நமக்கு முன்பே இடம் பார்த்துவிட்டது.

அரிச்சல் என்றால் அரிப்பு. ஊர்ப்பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. 1964 டிசம்பரில் ஓர் ஊரையும் ரயிலையும் கடல் கொண்டுபோன இடத்தில், புதுத் தளத்தின் ஆயுளை எவ்வளவு என்று எழுதுவது? நான் பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன்.

நடுவில் வந்த யோசனைகள்

ரயில் ஓட்டம் 2022 டிசம்பரில் நின்றுபோன பழைய பாம்பன் பாலத்தையே சைக்கிள் பாதையாக்கலாம் என்று ஒருவர் கடிதம் எழுதினார். 1914-இல் திறந்த இரும்பு அது. உலகின் கடுமையான உப்பு அரிப்பு நிலவும் இடங்களில் ஒன்றில் நூறாண்டுக்கு மேல் நின்றது. ரயிலைத் தாங்காது என்று விலக்கியதில் பள்ளிப்பிள்ளைகளை ஏற்றுவதா? கடிதத்துக்கு மரியாதையாகப் பதில் எழுதினோம்.

இன்னொருவர் ஐதராபாத் போலக் கூரை போட வேண்டும் என்றார். அங்கே வெளிவட்டச் சாலையோரம் 23 கிலோமீட்டருக்குச் சூரியத் தகடுக் கூரையின்கீழ் 4.5 மீட்டர் அகலத்தில் சைக்கிள் பாதை 2023-இல் திறக்கப்பட்டது. வெயிலுக்கு அருமையான யோசனை. அது தக்காணப் பீடபூமியில் இருக்கிறது. இங்கே புயல் வந்தால் அந்தத் தகடுகள் எந்த ஊரில் போய் விழும் என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டியிருக்கும்.

அரியமான் கடற்கரைப் பக்கம் சவுக்கு நிழல் உண்டு. இடம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாகக் கிழக்கே ஓட்டிப் போகும்போது கச்சான் முதுகில் தள்ளும், கால் வலியே தெரியாது. திரும்பும்போது அதே காற்று முகத்தில். கணக்கு எளிது: காற்றில்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவன்மேல் 20 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால், அவன் முகத்தில் மோதுவது 40. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. விலையில்லா சைக்கிளில் அது ஓட்டமே இல்லை, தள்ளிக்கொண்டு நடப்பதுதான். தளத்துக்குப் போய்வரும் வழியும் தளத்தின் ஒரு பகுதி என்று அன்று புரிந்தது. கீழக்கரை, வாலிநோக்கம் பக்கத்தை இதே காரணத்தோடு உப்பளங்களும் சேர்ந்து ஒரே பிற்பகலில் கழித்துக்கட்டின.

முள்

இதைத் தனியாகச் சொல்லாவிட்டால் ராமநாதபுரத்துக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை.

எங்கள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டும் மேசையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறார். டியூபிலிருந்து எடுக்கும் முள்ளையும் கம்பியையும் அதில் போடுவார். ஒருநாள் அதைச் செய்தித்தாளில் கொட்டிப் பிரித்தோம். ஆணி ஏழெட்டு, கண்ணாடி கொஞ்சம், மீதியெல்லாம் சீமைக்கருவேல முள். காய்ந்து வெளுத்து, நுனி மட்டும் கறுத்து, தாளில் குத்தினால் மேசைவரை இறங்கியது. கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "இது இல்லாவிட்டால் என் பிள்ளைகள் படித்திருக்காது, அண்ணே."

சாலையோர மரத்திலிருந்து விழுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் திருத்தினார். மரத்திலிருந்து விழுவது கொஞ்சம்தான், கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போகும் வண்டிகள் உதிர்ப்பதே அதிகம். வளைவிலும் வேகத்தடையிலும் பாரம் குலுங்கும், முள் கொட்டும். எந்தச் சாலையில் எந்த நாளில் பஞ்சர் அதிகம் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் கைகாட்டிய இரண்டு சாலைகளை ஒட்டிய இடங்களைப் பட்டியலிலிருந்து அங்கேயே அடித்தோம். எந்தப் பொறியாளரின் வரைபடத்திலும் இல்லாத தகவல் இது.

முள் பற்றி இன்னொன்று. மரத்தை வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்தால்தான் போகும். ஆடு காயைத் தின்று புழுக்கையில் விதையைக் கொண்டுவரும். ஆகவே தளத்துக்கு மனிதனைத் தடுக்கும் வேலியைவிட ஆட்டைத் தடுக்கும் வேலி முக்கியம். அடியில் நெருக்கமாக, மேலே எப்படியிருந்தாலும் சரி.

கண்மாய்க்கரையும் 'அ' பதிவேடும்

கடலை விட்டு ஊருக்குள் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது கண்மாய்க்கரைதான். வைகையின் கடைசித் தண்ணீர் வந்துசேரும் பெரிய கண்மாயின் நீளமான கரை. சக்கரக்கோட்டை கண்மாயும் பக்கத்திலேயே. இரண்டாவது உடனே விலகிவிட்டது: அது பறவைகள் சரணாலயம், 2025 பிப்ரவரியில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பெரிய கண்மாய்க்கரை பற்றி மூன்று வாரம் சண்டை போட்டோம். ஆசிரியருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கரையின் வேலை தண்ணீரைத் தாங்குவது. மழைக்காலத்தில் உடைப்பு வந்தால் மண் லாரி அதன்மேல்தான் ஓட வேண்டும். நாம் போட்ட தளத்தை உடைத்துக்கொண்டு ஓடும். ஓடத்தான் வேண்டும். கரையில் நடப்பவர்கள், மாடு ஓட்டிப் போகிறவர்கள் வேறு. கடைசியில் ஆசிரியரே விட்டுக்கொடுத்தார், முழு மனதோடு என்று சொல்ல முடியாது.

மிஞ்சியது நகரின் கிழக்கு ஓரம், பட்டணம்காத்தான் பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையும் ராமேஸ்வரம் நெடுஞ்சாலையும் சந்திக்கும் பகுதிக்கு உள்ளடங்கி. பள்ளிக்கூடங்களிலிருந்து எட்டும் தூரம். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருப்பதால் உப்பின் கடுமை குறைவு. விறகு வண்டிகளின் வழியும் இல்லை.

அங்கே நாங்கள் முதலில் ஆசைப்பட்ட நிலம் மேசை மாதிரி சமதளம். வெள்ளைக் கோடு போட வேண்டியதுதான் பாக்கி என்று குதித்தோம். நில அளவர் மட்டும் செருப்பைக் கழற்றாமல் வரப்பில் நின்றார். "'அ' பதிவேட்டைப் பார்க்காமல் நான் நிலத்தில் கால் வைப்பதில்லை" என்றார். எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அந்த வருவாய்த்துறை ஏட்டைப் பார்த்தால், நடுவே ஒரு வரத்துக்கால். நாற்பது வருடமாகத் தண்ணீர் ஓடாததால் கண்ணுக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு. கட்டியிருந்தால் ஒரு நல்ல மழையில் கால்வாய் தன் வழியைத் தானே எடுத்துக்கொண்டிருக்கும், அதற்கு முன்பே நீதிமன்றம் எடுத்திருக்கும். சமதளமாக இருக்கிறதே என்று மகிழ்ந்தோமே, வண்டல் படிந்து சமமானது அது. சற்றுத் தள்ளி, மேடு பள்ளமும் கருவேலமும் நிறைந்த தரிசுதான் கடைசியில் தேறியது. பார்க்க அழகில்லை. பதிவேட்டில் சுத்தம்.

கயிறும் சுண்ணாம்பும்

வளைவு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? புத்தகக் கணக்கு என்னிடம் இருந்தது: வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பாலும் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். 25 மீட்டர் ஆரத்தில் 40 கிலோமீட்டர் வேகம் என்றால் சுமார் 27 டிகிரி. மாணவரின் பந்தய சைக்கிளுக்குச் சரி, கூடை சைக்கிளுக்கு மிரட்சி.

ஆடியில் ஒரு சனிக்கிழமை மாலை, விளையாட்டு மைதானம் ஒன்றில் முளையடித்து, கிணற்றுக் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் சுண்ணாம்புப் பொடிப் பையைத் தொங்கவிட்டு வட்டம் போட்டோம். 20 மீட்டர், 25, 30, 38 என்று ஒன்றுக்குள் ஒன்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் சுண்ணாம்பில் பாதி கடலுக்குப் போயிருக்கும். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் ஆசிரியர், "சுற்றுங்கள்" என்றார்.

20 மீட்டர் வட்டத்தில் எல்லோரும் பெடலை நிறுத்தினார்கள். உள்பக்கப் பெடல் தரையில் தட்டிவிடுமோ என்ற பயம். 30-இல் துணிந்தவர்கள் மட்டும் மிதித்தார்கள். 38-இல் யாருமே நிறுத்தவில்லை. சீருடை மாற்றாமல் வந்திருந்த ஒரு மாணவி, கூடையில் புத்தகப்பையோடு, மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தாள். காற்றுக்கு எதிர்ப்பக்கம் வரும்போது உடம்பைக் குனிந்துகொண்டாள், காற்று தள்ளும் பக்கம் நிமிர்ந்துகொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. "சார், இது எப்போதும் இருக்குமா?" என்று ஆசிரியரிடம் கேட்டாள். அவர் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று இரவே அளவுகள் முடிவாயின. உள்கோட்டில் 38.2 மீட்டர் ஆரமுள்ள இரண்டு அரைவட்டம், இடையே 130 மீட்டரில் இரண்டு நேர்கள். மொத்தம் 500 மீட்டர். இரண்டு சுற்று ஒரு கிலோமீட்டர். தள அகலம் 5 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் ஏறக்குறைய 5 ஏக்கர். வளைவில் 10 டிகிரிச் சாய்வு. 30 கிலோமீட்டர் வேகத்துக்கு அது போதும், அதில் நின்றாலும் சைக்கிள் சரியாது. மூடிய சுற்று என்பதால் எதிர்காற்று எவ்வளவோ அவ்வளவு தள்ளுகாற்றும் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும். போகிறவன் ஏமாந்துபோய்த் தொலைவில் மாட்டிக்கொள்ள மாட்டான். நேர்ப்பகுதிகளைக் கச்சானுக்குக் குறுக்காக வைப்பதா, இணையாகவா என்ற விவாதத்தில் நான் இணையாக என்று நின்றேன். பக்கக்காற்றைத் தனுஷ்கோடியில் பார்த்தவன் நான். தென்மேற்கு மூலையில் பூவரசும் புங்கையும் இரண்டு வரிசை.

தளம் காங்கிரீட்டா தாரா என்பதைத் தண்ணீர் தீர்மானித்தது. இந்திய தர நிர்ணயப்படி, கம்பி கட்டிய காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கம்பியில்லாததற்கு 2,000. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. நல்ல தண்ணீர் என்றால் காவிரிக் கூட்டுக் குடிநீர். மக்கள் குடத்தோடு காத்திருக்கும்போது அதை லாரியில் வாங்கிக் காங்கிரீட்டுக்கு ஊற்றுவதை நான் எழுத மாட்டேன் என்றேன். தார் என்று எழுதினோம். மதிய வெயிலில் அது கொதிக்கும். காலை ஒன்பதுக்குப் பிறகு இங்கே யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?

சறுக்கிய இடங்கள்

தேர்வு சரி என்றே இன்றும் நினைக்கிறேன், ஆனால் ஆய்வில் ஓட்டைகள் உண்டு. எல்லா அளவீடுகளையும் கச்சான் பருவத்திலேயே செய்தோம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், மழையோடு. அப்போது அந்தத் தரிசில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் கண்ணால் பார்க்காமலேயே அறிக்கையைக் கொடுத்துவிட்டோம். நன்கொடையாளர் அவசரப்படுத்தினார் என்பது காரணம், சாக்கும்கூட. இரண்டாவது, ஐந்து பேரில் ஒரு பெண் இல்லை. இருட்டிய பிறகு அந்த இடத்துக்குப் போகும் வழி எப்படி என்ற கேள்வியை மைதானத்தில் அந்த மாணவியின் தாயார் கேட்ட பிறகுதான் நாங்கள் கேட்டோம். பள்ளிகளிலிருந்து வரும் சாலையில் விளக்கும் பிரித்த பாதையும் வேண்டும் என்பது அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இணைப்பாகப் போனது. முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

நன்கொடையாளர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "கடல் எங்கே?" என்றார். பதில் சொல்ல ஆசிரியர் வாயெடுத்தார். அதற்குள் கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் பிரித்தார். முள். இடத்துக்கு ஒரு முள், ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயர் எழுதிய சீட்டு. பட்டணம்காத்தான் சீட்டில் மட்டும் ஒன்றும் இல்லை.

மாசியில் மறுபடி போய் வாடைக்குப் பிந்தைய ஈரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், பணம் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்.